கைராசிக்கு இன்சூரன்ஸ் கிடையாது

ஆகஸ்ட் 22, வியாழன்

பாலவனத்தத்தில் இன்று என் மானம் ஜேசிபியின் கதவுக் கைப்பிடியில் தொங்கியது. பூமி பூஜையை வீடியோ எடுக்கிறார்களே என்று கஞ்சி போட்ட வேட்டி கட்டிப் போனேன். ஏறும்போது நுனி மாட்டியதைக் கவனிக்கவில்லை. நான் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன், வேட்டி வரவில்லை. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள். இருளாண்டிதான் தன் துண்டை உள்ளே வீசினான்.

நான் முதல் பக்கெட் மண் எடுத்த வீடு எதுவும் பாதியில் நின்றதில்லையாம். இந்தப் பேச்சை யார் கிளப்பினார்களோ. அஸ்திவாரம் தோண்டக் கூப்பிடுகிறவர்கள் மெஷினோடு என் கையையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு பக்கெட் அள்ளிப் போட்டுவிட்டு, தேங்காய் பழத் தட்டோடு இறங்கி நிழலுக்குப் போவேன். அதற்கப்புறம் நாள் முழுக்க வெயிலில் வேலை செய்வது இருளாண்டி. பதினோரு வருடமாக என் ஆபரேட்டர். கைராசிக்காரர் நான்.

வீட்டில் சொல்லிச் சிரித்தேன். மகள் கனகலட்சுமி சிரிக்கவில்லை. “உங்க லைசென்ஸ் மாசியோட முடிஞ்சு போச்சுப்பா. அது தெரியுமா?”

“ஒரு பக்கெட்டுக்கு எதுக்குத்தா லைசென்ஸு? இருளாண்டிகிட்ட இருக்குல்ல.”

அடுத்த வாரம் போக வேண்டும். போன மாதமும் இப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

சுவர் விழுந்துவிட்டது.

இன்றைக்கே எழுதிவிடுகிறேன், நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வந்துவிடும்.

திருச்சுழியில் பலசரக்குக் கடை ராஜகுருவின் புது வீட்டு வேலை. முதல் மண் ஈசானிய மூலையில்தான் எடுக்க வேண்டும். அந்த மூலை பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கிறது. பழைய மண் சுவர். முந்தின நாள் பெய்த மழையில் கரிசல் ஊறிக் கிடந்தது. இருளாண்டி மூலையைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு வந்தான்.

“அண்ணே, மூணடி தள்ளி எடுங்க. அடியில பிடிமானம் இல்ல.”

ராஜகுரு விடவில்லை. “மூணடி தள்ளுனா அது ஈசானியமா? நல்ல நேரம் ஏழரை வரைக்குந்தான். எடுங்க அண்ணாச்சி.”

எடுத்தேன். ஒரு பக்கெட். அதைத் தூக்கும்போதே சுவர் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. அவசரமே இல்லாமல், தூக்கம் வந்த ஆள் சாய்கிற மாதிரி. அப்புறம் ஒரு சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தவர் சோலைச்சாமி. அறுபது வயதுக்காரர், நான் முன்னேபின்னே பார்த்ததில்லை. வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. மண்ணைத் தள்ளி அவரை வெளியே எடுத்தவன் இருளாண்டி. நான் சீட்டில் லீவரைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்திருக்கிறேன். எவ்வளவு நேரமோ.

அருப்புக்கோட்டை போய், அங்கிருந்து மதுரை பெரியாஸ்பத்திரி. உயிருக்குப் பயமில்லை என்றார்கள். கால்? பார்க்கலாம் என்றார்கள்.

ஒரு பக்கெட்டுக்கு எதுக்கு லைசென்ஸு. பெரிய புத்திசாலி.

ஆகஸ்ட் 31, சனி

இன்சூரன்ஸ் ஏஜென்ட் நவநீதகிருஷ்ணன் வந்தார். வருடா வருடம் பிரீமியம் வாங்க வரும்போது காபி குடிப்பார். இன்று வேண்டாம் என்றார். அதிலேயே பாதி தெரிந்துவிட்டது.

பாலிசியைக் கனகலட்சுமி வாசித்துச் சொன்னாள். நம் மெஷினால் வெளியாளுக்கு அடிபட்டால் கம்பெனி கொடுக்கும். ஆனால் ஓட்டியவரிடம் நடப்பில் உள்ள லைசென்ஸ் இருக்க வேண்டும். இத்தனை வருடம் அந்தத் தாள் பீரோவில் கற்பூரத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவில் இருந்தது. நான் ஒரு வரி படித்ததில்லை. பூட்டி வைத்தால் போதும் என்று நினைத்திருக்கிறேன், நகை மாதிரி.

நவநீதகிருஷ்ணன் குரலைத் தணித்தார். “யாரு ஓட்டுனதுன்னு யாரு பாத்தா? அடிபட்டவரு சுவருக்கு அந்தப் பக்கம். ராஜகுரு நம்ம சொல்றதச் சொல்லுவாரு. உங்க ஆபரேட்டருகிட்ட லைசென்ஸு கரெக்டா இருக்கு. அவன் பேரச் சொல்லுங்க. அவனுக்கு என்ன, அபராதத்தோட போயிரும். கைராசியெல்லாம் பாலிசியில இல்ல அண்ணாச்சி.”

கனகலட்சுமி எழுந்து உள்ளே போய்விட்டாள். பாத்திரம் விளக்கும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. அத்தனை பாத்திரம் எங்கள் வீட்டில் கிடையாது.

செப்டம்பர் 1, ஞாயிறு

இருளாண்டியிடம் கேட்க வேண்டும். கேட்கவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

இன்றும் கேட்கவில்லை. கேட்டால் சரி என்பான். ‘அதுக்கென்னண்ணே’ என்பான். அவன் அப்படிச் சொல்வதைக் காதில் கேட்கத்தான் எனக்குப் பயம். அவன் சரி என்றுவிட்டதாக நானே வைத்துக்கொண்டேன். இது ஒரு வசதி.

கோர்ட்டு காலுக்கு என்ன விலை போடுமோ, அதை நான் கட்டுவதென்றால் மெஷின் போகும். மெஷின் போனால் கனகலட்சுமியின் படிப்பு நிற்கும். இவள், என் வீட்டுக்காரி, ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். “ஓங்க இஷ்டம்.” முப்பது வருடத்தில் இவள் என் இஷ்டத்துக்கு விட்டது இதுதான் முதல் தடவை. அதுவும் இதைப் போய்.

செப்டம்பர் 3, செவ்வாய்

ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் நல்ல மனுஷர், நிதானமாக எழுதுகிறார்.

“மெஷினு யாருது?”

“என்னுதுங்க.”

“ஓட்டுனது?”

“இருளாண்டி.”

சொல்லிவிட்டேன். அவர் எழுதினார்.

“தகப்பன் பேரு?”

தெரியவில்லை. பதினோரு வருடம் ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டிருக்கிறோம். அவனுக்குக் கத்திரிக்காய் ஆகாது, இடது தோளில் வலி, அமாவாசைக்கு மீசை எடுக்க மாட்டான், எல்லாம் தெரியும். அவனுடைய அப்பா பேர் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று வெளியே வந்து அவனுக்குப் போன் அடித்தேன். அணைத்து வைத்திருந்தான். அவன் வீட்டுக்கு அடித்தேன். அவன் பெண்டாட்டி பொன்னுத்தாய் எடுத்தாள்.

“அவுக மதுரை ஆஸ்பத்திரியில அந்தப் பெரியவரு கூட இருக்காகண்ணே. மூணு நாளா அங்கதான்.”

எனக்கு இது தெரியாது. நான் அங்கே ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன்.

“இல்லம்மா, அவன் அப்பா பேரு என்ன? ஸ்டேஷன்ல கேக்குறாக.”

அவள் குரலே மாறிவிட்டது. “பாஸ்போட்டு விசாரணைக்காண்ணே? அதுக்குள்ள வந்துருச்சா! ஒங்ககிட்டச் சொல்லவே அவுக கூச்சப்பட்டுக்கிட்டுத் திரிஞ்சாக. ரஷீத் பாய் சவுதியில மெஷினு வேலைக்கு ஏற்பாடு பண்ணியிருக்காக. போலீசுல ஒரு கேசும் இருக்கக் கூடாதாம்லண்ணே. நீங்கதான் நல்லபடியாச் சொல்லி விடணும். மாமா பேரு வீரபாண்டி. வீர, பாண்டி.”

பேரை எனக்குப் பிரித்துச் சொன்னாள், நான் தப்பாக எழுதிவிடக் கூடாதென்று.

“சரிம்மா” என்றேன்.

ஸ்டேஷன் வாசலில் பிடித்து வைத்த பைக்குகள் வேப்பஞ்சருகு விழுந்து கிடந்தன. அதில் ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். நல்லவன் என்று எழுதிக்கொள்ள ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. ஒரு பொம்பளைப் பிள்ளையிடம் சரிம்மா என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். சொல்லாமல் போனை வைத்திருந்தால்? என்னையே கேட்கிறேன்.

உள்ளே போய், “அந்தப் பேர அடிச்சிருங்கய்யா. ஓட்டுனது நான்” என்றேன்.

ரைட்டர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “வெளையாட்டா இருக்கா ஒமக்கு? லைசென்ஸு இருக்கா?”

“முடிஞ்சுபோச்சுங்க.”

“அப்ப இன்சூரன்ஸும் முடிஞ்சுபோச்சு, தெரியும்ல?”

“தெரியும்.”

தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். வேறு தாள் எடுத்தார். “சரி, தகப்பன் பேரு?”

அது தெரிந்திருந்தது.

செப்டம்பர் 4, புதன்

கனகலட்சுமி இன்று என்னிடம் பேசினாள். சாம்பாரில் உப்பு சரியா என்று கேட்டாள். உப்பே இல்லை. சரி என்றேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

சோலைச்சாமியைப் பார்க்கப் போனேன். காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் தாங்கித் தாங்கித்தான் நடப்பாராம்.

“வாரும், கைராசிக்காரரே! எங்கால்ல இரும்பு நட்டிருக்கான். மாடி எப்பப் போடப் போறீரு?”

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அழுதுவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏய்யா, அடிபட்டது நானு. அழுகையும் நீரே எடுத்துக்கிட்டா நான் என்னத்தச் செய்ய?”

நவம்பர் 12, செவ்வாய்

கம்பெனியிலிருந்து தபால். கனகலட்சுமி படித்தாள். பாலிசி நிபந்தனை மீறப்பட்டதால் பொறுப்பேற்க இயலாது. நாலு பக்கம் எழுதியிருக்கிறார்கள், சாரம் அவ்வளவுதான். நவநீதகிருஷ்ணன் ஆறுதல் சொன்னார். கோர்ட்டு சொன்னால் கம்பெனி முதலில் பெரியவருக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் அதை என்னிடம் வசூலிக்குமாம். அவருக்குச் சீக்கிரம் கிடைத்தால் சரி. என்னிடம் எப்படி வாங்குவார்கள் என்பது அவர்கள் கவலை. முப்பது வருடத்தில் முதல் தடவையாகக் கம்பெனி என்னைப் பற்றிக் கவலைப்படப் போகிறது.

டிசம்பர் 9, திங்கள்

மெஷினைச் சாயல்குடிக்காரர் ஒருவர் விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போனார். தெருமுனை திரும்பும் வரைக்கும் பார்க்கவில்லை. சத்தத்திலேயே தெரிந்தது, இரண்டாம் கியரில் இழுக்கிறான், கிளட்ச் போய்விடும்.

டிசம்பர் 13, வெள்ளி

புதுப்பித்த லைசென்ஸ் தபாலில் வந்தது. படத்தில் நான் திருடன் மாதிரி இருக்கிறேன். ஓட்டத்தான் மெஷின் இல்லை. கனகலட்சுமி பகலில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்துவிட்டாள், படிப்பைத் தபாலில் முடித்துக்கொள்கிறாளாம். என்னைக் கேட்கவில்லை. சொன்னாள்.

2025, ஜனவரி 20, திங்கள்

இருளாண்டி இன்று சவுதிக்குக் கிளம்பினான். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். பொன்னுத்தாய் ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் பை எண்ணிக்கை. சென்னை பஸ் வர நேரம் இருந்தது. அவன் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனான். புதுச் சட்டை, மடிப்பு கலையவில்லை.

“அண்ணே, எனக்குப் பேசத் தெரியாது.”

“தெரியாட்டி விடுலே. டீ குடிக்கிறியா?”

“இல்லண்ணே. கேளுங்க. அந்தச் சுவரு விழுந்த அன்னைக்கே நெனச்சுட்டேன், எம்பேருதான் எழுதுவாகன்னு. மூணு நா தூங்கல. அதுக்குத்தான் ஆஸ்பத்திரியிலயே கெடந்தேன், போன அணைச்சுப் போட்டு. நீங்க கேட்டா மாட்டேன்னு சொல்ல வாய் வராது எனக்கு. வேற மொதலாளின்னா எம்பேரத்தான் சொல்லியிருப்பாக. ஒங்க வாயில அது வரலையேண்ணே.”

குனிந்தான். காலைத் தொடப்போகிறான் என்று தெரிந்து பின்னால் நகர்ந்தேன், ஒரு பூக்காரி மேல் மோதினேன், அவள் திட்டினாள். அந்தத் திட்டு எனக்கு வேண்டியிருந்தது.

பஸ் வந்தது. பையை மேலே வைத்துக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கையை வெளியே நீட்டினான். பிடித்துக்கொண்டேன். பஸ் நகரும் வரைக்கும் நேரம் இருந்தது. ஒரு நிமிஷத்துக்கு மேலேயே இருந்தது.

‘வந்துச்சுடா. மொதல்ல ஒம்பேருதான் வந்துச்சு.’ இதைத்தான் சொல்ல வேண்டும்.

“போனதும் போன் போடு” என்றேன்.