டைப்ரைட்டர் பெட்டியின் இடது கீல்

28 பிப்ரவரி 1968, விபூதிப் புதன்

டைப்ரைட்டர் பெட்டியின் இடது கீல் ஒடிந்து கழன்றுவிட்டது. அதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. தாறுமாறாக எழுதினால் பிறகு எனக்கே விளங்காது. ஆகவே எழுதப்போவதை வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. கீல் தானாக ஒடியவில்லை. யாரோ மூடியைப் பின்பக்கமாக அழுத்தியிருக்கிறார்கள்.
2. தண்டையார்பேட்டை மெக்கானிக் சௌக்கத் அலியிடம் மெஷினை விட்டுவிட்டு வந்தால் உள்ளே இருக்கும் நல்ல பாகங்களை எடுத்துக்கொண்டு பழசை மாட்டிவிடுவார்.
3. இரும்புக் கடையில் விற்கும் கீல் இதற்குப் பொருந்தாது.
4. அடைக்கலமேரிக்கு நான் இந்த வீட்டில் இருப்பது பிடிக்கவில்லை.

நான்காவதை எழுதக் கை கூசியது. அவள் என் மருமகள். ஆறின சோறு ஒரு நாளும் போட்டதில்லை. ஆனாலும் அந்த வரியைக் கோடிட்டு அடிக்கவில்லை.

1 மார்ச்

கப்பல் கம்பெனியில் ஓய்வு பெற்றது முதல் துறைமுக வாசலில் உட்கார்ந்து மாலுமிகளுக்கும் அவர்கள் மனைவிமாருக்கும் மனு தட்டிக்கொடுக்கிறேன். மெஷின் சின்னது, பெட்டியோடு கையில் தூக்கிப் போகும் ரகம். ஆனால் பிடி இருப்பது மூடியில். கீல் போனால் பெட்டி வாய் பிளந்துவிடும். இன்று கயிறு கட்டிப் பார்த்தேன். தெருமுனையிலேயே ஒரு பக்கம் சரிந்தது. திரும்பிவிட்டேன்.

சாப்பிடும்போது மூத்த மகன் ஹென்றியிடம் சொன்னேன்: ஈஸ்டருக்குள் சரியாகாவிட்டால் மெஷினை விற்றுவிட்டு மாத்தூருக்கே போய்விடுகிறேன், வேலையில்லாதவன் இங்கே எதற்கு? அங்கே சின்ன மகன் பாஸ்கல் இருக்கிறான். வெகு நாளாகக் கூப்பிடுகிறான். ஆனால் மாத்தூரில் வயலும் வானமும்தான். மனு தட்டச் சொல்லி யார் வரப்போகிறார்கள்?

வேண்டாம் என்று யாராவது சொல்வார்கள் என்றுதான் சொன்னேனோ? ஹென்றி, உன் இஷ்டம்ப்பா என்றான். அடைக்கலமேரி குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒரு வார்த்தை இல்லை. முன்னறையில் என் மேசை இருக்கும் இடத்தில் தையல் மெஷின் போட அவளுக்கு ஆசை. எனக்குத் தெரியும்.

2 மார்ச்

மெஷினை ரிக்ஷாவில் வைத்துச் சௌக்கத் அலி கடைக்குக் கொண்டுபோனேன். ஒடிந்த கீலை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது சாதா பொட்டிக் கீலு இல்ல நைனா. மூடிய பக்கவாட்ல இஸ்து கயட்டறதுக்குன்னே செஞ்சது. ரைட்டு பக்கத்து கீல பாத்து செய்யவும் முடியாது, அது வெறும் கொக்கி. ஊசி இதுலதான் கீது. பயைய கிராமபோன் பொட்டிங்கள்ல இந்த மாதிரி வரும். மெஷின வுட்டுட்டுப் போ.”

வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன்.

“இன்னா, உன் எய்த்தெல்லாம் துன்னுட்டுப் போய்டுவேன்னு பயமா?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பழைய பெட்டிகள் வந்ததும் சொல்லியனுப்புவதாகவும், கீலைக் கொண்டுவந்து ஒப்பிட வேண்டும் என்றும் சொன்னார். மாதிரி இல்லாமல் தேட முடியாதாம். அந்த மாதிரியையும் அவரிடம் விட்டு வரவில்லை. தீப்பெட்டியில் போட்டு அலமாரியில் வைத்தேன்.

4 மார்ச்

இரும்புக் கடைக் கீலைப் பொருத்திப் பார்த்தேன். தடிமன் அதிகம். மூடி தூக்கிக்கொண்டு நிற்கிறது, பூட்டு விழவில்லை. மூன்றாவது சரி. இதில் எனக்கென்ன பெருமை?

5 மார்ச், செவ்வாய்

தீப்பெட்டி இருக்கிறது. உள்ளே கீல் இல்லை.

காலையில் பார்த்தேன், இருந்தது. பகலில் வீட்டில் இருந்தது நானும் அவளும்தான். மாலையில் அந்தோணியார் செபத்துக்குக் கோயிலுக்குப் போனாள். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அல்லது — அதை இப்போது நானே சேர்த்துக்கொள்கிறேனா?

6 மார்ச்

தீப்பெட்டியைத் திறந்தாயா என்று கேட்டேன்.

“இப்ப கேக்காதீங்க மாமா” என்றாள்.

இல்லை என்று சொல்லவில்லை. தெரியாது என்றும் சொல்லவில்லை. இன்னா அர்த்தம் இதுக்கு? எடுத்து ஒளிச்சி வச்சிக்கினு, மூஞ்சிக்கு நேரா கேக்காதேன்றா. நான் போவணும், அவ்ளோதானே. போறேன்.

8 மார்ச்

பெட்டிகள் வந்திருப்பதாகச் சௌக்கத் அலி சொல்லியனுப்பினார். எதைக் கொண்டுபோவது? நினைவிலிருந்து படம் வரைந்தேன். ஊசி நுழையும் குழாய் எந்தப் பக்கம் அடைத்திருந்தது? தினமும் கை பட்ட பொருள். தெரியவில்லை.

10 மார்ச்

பூசைக்குப் போனேன். செபம் ஓடவில்லை. முன்வரிசையில் அவள் முக்காட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

12 மார்ச், செவ்வாய்

தவசிமுத்து வந்தார். கோயிலில் மணியடிப்பவர், உண்டியல் திறப்பதும் அவர்தான். இந்தக் கீல் விவகாரத்தை அவரிடமும் புலம்பியிருந்தேன். கைக்குட்டையைப் பிரித்து என் முன்னால் வைத்தார்.

“அந்தோணியார் உண்டில வெள்ளிக் கண்ணு பாத்துக்கீறேன், காலு பாத்துக்கீறேன், படகு கூட பாத்துக்கீறேன். கீல இன்னிக்குத்தான்யா பாக்கறேன். உன்னுதா?”

என்னுடையதுதான்.

அடைக்கலமேரி கதவருகே நின்றிருந்தாள். சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே சொன்னாள்:

“கண்ணு வலிச்சா கண்ணு போட்றோம், காலு வலிச்சா காலு. கீலுக்கு இன்னா போட்றது மாமா? ஒடஞ்சதுதானேன்னு அத்தயே போட்டுட்டேன். கேட்டது கெடைக்கிற வரிக்கும் நேர்ச்சைய வெளிய சொல்லக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லும். அதான் கேக்காதீங்கன்னேன்.”

அதை வைத்துத்தான் இன்னொன்றைத் தேட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? ஊரெல்லாம் சொன்னேன், வீட்டில் சொல்லவில்லை.

அன்று சாப்பிடும்போது ஏன் ஒன்றும் பேசவில்லை என்று கேட்டேன்.

“போறேன்னு நீங்களே சொன்னீங்க. போவாதீங்கன்னு பெரியவங்களாண்ட எப்டி சொல்றது? அதான் அந்தோணியாராண்ட சொன்னேன்.”

தவசிமுத்து தொண்டையைச் செருமினார். அந்தோணியாருக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுக்கக்கூடாதாம். இரவல் என்று வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் போட்டுவிட வேண்டுமாம்.

14 மார்ச்

கிராமபோன் பெட்டி ஒன்றில் அதே கீல் கிடைத்தது. பொருத்த அவகாசம் வேண்டும் என்றார் சௌக்கத் அலி. மெஷினைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். வாசல்படியிலிருந்து இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

19 மார்ச், செவ்வாய், சூசையப்பர் திருநாள்

மெஷின் வந்துவிட்டது. புதுக் கீலின் நிறம் சற்று மங்கல். மூடி அழுத்தமாகப் பூட்டுகிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறைமுக வாசல் வரை நடந்து, ஒரு மனுவும் தட்டிவிட்டு வந்தேன். ரிப்பன் உருளை முன்னைவிடப் பழையதாகத் தெரிகிறது. கேட்கத் தைரியம் வரவில்லை. ஆகவே முதல் நாள் பட்டியலில் இரண்டாவதை அப்படியே வைக்கிறேன். முதலாவதையும் — மெஷின் வந்ததிலிருந்து ஹென்றி மூடியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறான், என்னைப் பார்ப்பதில்லை.

மாலையில் அடைக்கலமேரியோடு கோயிலுக்குப் போனேன். இரவல் கீலை அவளே உண்டியலில் போட்டாள். காசுகளின் மேல் விழுந்த சத்தம் நன்றாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்து முன்னறை மேசையைச் சுவரோரமாக நகர்த்தினேன். தையல் மெஷினுக்கு இடம் போதும் என்றுதான் நினைக்கிறேன். நாளைக்கு அளந்து பார்க்க வேண்டும்.

நான்காவது தவறு.