லெப்டொப் கெட்டிருக்கவில்லை

ஸுஹைறாவின் உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். கொழும்பில் நான் நல்ல சுகம். உன் முழங்கால் வலி எப்படி? யாரிடமும் சொல்லி எழுதுவிக்காமல், இது நானே என் கையால் எழுதுவது. மூன்று நாளாக எழுதுகிறேன். எழுத எழுத ஆசையாக இருக்கிறது.

போன கிழமை நான் தேநீர் போடும் அலுவலகத்தில் தேநீர் கொண்டுபோனபோது, இங்கு வேலை செய்யும் பெரியநீலாவணை ஊர்ப் பிள்ளை தக்சாயினி சி என்ற கணினி மொழியில் எழுதிய புரோகிராம் ஓடவில்லை. புரோகிராமுக்குத் துணையான லைப்ரரி என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை என்று எரர். நம் மகள் ஸுஹைறா அன்று லெப்டொப்பில் எனக்கு வாசித்துக் காட்டியதும் இதே எரர்தான்.

"மெஷின் பழுதாகிட்டா மகள்?" என்று தக்சாயினியிடம் கேட்டேன். அவளும் என்னை, அண்ணன்போல, காக்கா என்றே கூப்பிடுவாள்.

"இல்ல காக்கா. லைப்ரரி வேற ஃபோல்டருக்குள்ள கிடக்கு. எங்க தேடுறதெண்டு லினக்ஸுக்குத் தெரியல்ல."

அந்த ஃபோல்டரின் பெயரை ஒரு கோப்பில் எழுதி, எல்டிகொன்ஃபிக் என்ற கட்டளையை அடித்தாள். தேநீர் ஆறுமுன் புரோகிராம் ஓடியது.

நானோ, ஸுஹைறா லெப்டொப்பைக் கெடுத்துவிட்டாள் என்று ஏசி, இரவல் தந்த நளீம் மச்சானிடமே அதைத் திருப்பிக் கொடுத்தேன். அவளது கணினி வகுப்பையும் நிறுத்தினேன்.

மச்சானிடம் அதை மறுபடி கேட்டு வாங்கு. இங்கு வருபவர்களிடம் நான் இடுப்பில் உடுக்க நீ மடித்த சாரன் ஒன்றும் கொடுத்தனுப்பு.

தேநீர் கொண்டுவரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இதை உனக்கு வாசிப்பது ஸுஹைறாதான். மகள், உன்னில் பிழை இல்லை, வாப்பாவில்தான் பிழை. இந்த வரியை உம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாக வாசி.

மீராசாஹிபு