பதினான்காவது செடி

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் 'இருக்கேன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாய். அதனால் கேட்கவில்லை. போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய் என்றுதான் கடிதம்.

மலர்க் கண்காட்சியின் தோட்டப் போட்டியில் எனக்கு இடம் கிடைத்தது. ஐந்து மீட்டருக்கு நான்கு மீட்டர். ஏதாவது ஒரு கருத்தைச் சொல்லும் தோட்டம் போட வேண்டும். புதிதாக எதையும் வாங்கக் கூடாது, குழாய்த் தண்ணீரைத் தொடக் கூடாது என்று இரண்டு நிபந்தனைகள். மற்றவர்கள் பழைய பாட்டில், மூங்கில் என்று இறங்கிவிட்டார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

ஒரு நாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது, எதிரே பழைய கார் ஷெட்டின் சிமெண்ட் தளத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டு நாற்பது வருஷமாகிறது என்றார் இயந்திரம் ஓட்டியவர். அடியில் இருக்கும் மண்ணில் இன்னும் ஏதாவது உயிரோடு இருக்குமா? பஸ் போய்விட்டது, கேள்வி போகவில்லை. பதினேழு மூட்டை மண் அள்ளி வந்தேன். காரைக் கழுவி முடிக்க உன் அத்தானுக்கு மூன்று நாள் ஆனது. என்னிடம் பேச நான்கு நாள்.

உடைந்த தளத்துண்டுகளை நடைபாதையாகப் பதித்தேன். பக்கத்து அரங்கின் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றினேன். ஒரு நாளைக்கு நாற்பது லிட்டர் சொட்டுகிறது, தெரியுமா? எதையும் நடவில்லை. காற்றில் வந்த விதையாக இருக்கும் என்று நீ மறுப்பாய் என்பதால், முழங்கை ஆழத்து மண்ணாக எடுத்து, மெல்லிய வலை போட்டு மூடியிருந்தேன்.

ஒன்பதாம் நாள் பச்சை தெரிந்தது. ஆறு வாரத்தில் பதினான்கு வகை. நீ கொடுத்த செடிப் புத்தகத்தை வைத்துப் பதின்மூன்றுக்குப் பெயர் கண்டுபிடித்துவிட்டேன். பதினான்காவது அதில் இல்லை. தண்டு சதுரம், இலைகள் எதிரெதிரே. துளசிக் குடும்பமோ என்று கசக்கிப் பார்த்தால் நனைந்த தீப்பெட்டி வாசம். இலைக்கு அடியில் செம்பட்டையாய் ரோமம்.

நடுவர்கள் வரும் நாள் காலையில் போனால், பாதித் தோட்டம் மொட்டையாகக் கிடந்தது. துப்புரவு வேலை செய்யும் அம்மா முகம் செத்து வந்து நின்றார். “களைன்னு நெனச்சுப் புடுங்கிட்டேன் மேடம். சுத்தமா இருக்கணும்னு சொன்னாங்க.” கோபம் வந்ததுதான். ஆனால் இதே செடிகளைப் பிடுங்கத்தானே அவருக்குச் சம்பளம்? நல்லவேளை, குப்பையில் போடாமல் ஈரச் சாக்கில் வைத்திருந்தார். இருவரும் மதியம் வரை திரும்ப நட்டோம். பாதி தலை சாய்ந்துவிட்டது. பதினான்காவதில் இருந்த மூன்றில் ஒன்றுதான் பிழைத்தது.

நடுவர் ஒருவர் சுற்றிப் பார்த்துவிட்டு, “இதுல நீங்க செஞ்சது என்ன?” என்றார். இரண்டு பக்கத்துக்குப் பதில் தயார் செய்திருந்தேன். வாயில் வந்தது வேறு. “மேல கெடந்ததை எடுத்தேன். மிச்சம் அதுவா வந்துச்சு.”

பரிசு பாட்டில் தோட்டத்துக்குப் போனது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாம் நாள், பிடுங்கிய இடத்தில் புது முளை தலைகாட்டியது. முதல் நாள் பார்த்தவர்கள் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தார்கள். அந்த அம்மா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் குனிந்து காட்டி விளக்கம் சொன்னார். பதினான்காவதின் பெயர்ப் பலகையை மட்டும் காலியாக வைத்திருந்தேன். நீங்களே ஒரு பெயர் வைத்துவிடுங்கள் என்றார் ஒருவர். அதைச் சொல்ல வேண்டியவள் ஒருத்தி இருக்கிறாள் என்றேன்.

இப்போது அது மொட்டு விட்டிருக்கிறது. பூவைப் பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்லக் கூடாது என்பாயே. மாப்பிள்ளை தவறிப்போன பிறகு நீ உன் தாவர ஆய்வுக்கூடத்துப் பக்கமே போகவில்லை என்று உன் கூட வேலை செய்பவர் சொன்னார். போ என்று எழுதவில்லை. சனிக்கிழமை காலை ரயிலில் செடியைத் தொட்டியோடு எடுத்து வருகிறேன். ஆறுதல் சொல்ல வரவில்லை, அது எனக்கு வராது. பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. கதவை மட்டும் திற.

நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்தால் போதும் என்று இருக்கும்,
உன் அக்கா