மானா மலையில் எழுந்த நெருப்புச் சுழி

இன்று மத்தியானம் றப்பர் பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தபோது மானாப்புல் எரியும் வாசம் வந்தது. மழை வரட்டும் என்று யாரோ மலைக்கு நெருப்பு வைத்திருக்கிறார்கள். நீ போன பிறகும் இந்தப் புத்தி இவர்களை விடவில்லை.

அன்றும் இதே மாசி வெயில்தான். றப்பர் இலையெல்லாம் கொட்டி, மிதித்தால் அப்பளமாக நொறுங்கியது. மலை நெருப்பு நம் லயத்து வீடுகளுக்கு இறங்கிவிடாமல் பெண்கள் நாமெல்லாம் பச்சைக் கிளைகளால் அடித்துக்கொண்டிருந்தோம். "எங்க அத்தை வாய்க்கு இந்தச் சூடு கம்மிதான்டி" என்றாய். உன் மாமியாருக்கும் அது கேட்டது.

பிறகு காற்று திரும்பியது. சரிவில் பரவிக் கிடந்த நெருப்பு ஒன்றுகூடிச் சுழன்று, தென்னை உயரத்துக்கு நிமிர்ந்தது. எரியும் சருகுகளை உள்ளே இழுத்துக்கொண்டு, லொறி ஏற்றத்தில் முனகுவது போன்ற சத்தத்தோடு நம்மை நோக்கி வந்தது. சுழல்காற்றில் முனி வருவார் என்றுதானே நம் ஆட்களுக்கு நினைப்பு? கிளைகளைப் போட்டுவிட்டு, உன்னைத் தவிர எல்லோரும் கை கூப்பி நின்றோம்.

"கும்பிடாதீங்கடி! சாமி இல்ல, நெருப்பு! ஓடுங்க!"

கூப்பிய கைகளைப் பிடித்துப் பிரித்து, ஒவ்வொருத்தியாகக் கீழே தள்ளினாய். உன் மாமியார் மட்டும் கண்ணை மூடி நின்றிருந்தார். தினமும் குழாயடியில் உன்னோடு மல்லுக்கு நிற்கும் அதே மாமியார். "அத்தை, வாங்கன்னா!" என்று திரும்பி ஓடி, அவரை மழைத்தண்ணீர் ஓடும் ஆழமான கானுக்குள் தள்ளினாய். நீ குதிப்பதற்குள் அது வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு தடவைதான் பேசினாய்.

"கெழவி இருக்கா?"

"இருக்காங்கடி."

"திட்டுறாளா?"

நான் சொல்வதற்குள் கண்ணை மூடிவிட்டாய். பிறகு திறக்கவேயில்லை.

அவர் அதன்பிறகு யாரையும் திட்டவில்லை. நீ விழுந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு, வெள்ளிக்கிழமைகளில் சூடம் கொளுத்துகிறார். இப்போது லயத்துப் பிள்ளைகளும் அங்கே விழுந்து கும்பிடுகிறார்கள். நீ பார்த்திருந்தால் கல்லைப் பிடுங்கி எறிந்திருப்பாய்.

மத்தியானம் குருவிட்ட ஊர்ப்பக்கம் சாய்ந்திருந்த புகை, இதை எழுதும்போதே நம் கூரைகளுக்கு மேலே வந்துவிட்டது. மேட்டில் சருகுகள் வட்டமடிக்கின்றன. உன் மாமியார் வாசலில் இறங்கி, மலையைப் பார்த்துக் கை கூப்பி நிற்கிறார்.

"உள்ள வாங்க பெரியம்மா" என்று கத்தினேன்.

"எம் மருமக வர்றாடி. நீயும் வந்து கும்பிட்டுக்க" என்கிறார்.

உன் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பேனாவை வைக்கிறேன். அந்தக் கைகளை நான்தான் பிரிக்க வேண்டும்.