என் படகுக்கு எட்டு பேனல் எதற்கு?

பண்டபெர்க் படகுத் துறை,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள டெஸ்,

சுரங்கப் பக்கம் வெயில் எப்படி? முதுகுவலி தேவலையா? நலம் விசாரிப்பு இவ்வளவுதான். மீதிக் கடிதம் முழுக்கக் கோபம். தேநீர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி.

காலையில் எலெக்ட்ரீஷியன் கிளைவ் வந்து படகின் மேல்தளத்தை மறுபடி அளந்தான். எதற்கு என்றேன். நீ இன்னும் இரண்டு சோலார் பேனல் சொல்லியிருக்கிறாயாம். மொத்தம் எட்டு! இது பாய்மரப் படகா, கோழிப் பண்ணைக் கூரையா? நான் உட்காரும் இடத்தில் ஒன்று. நங்கூரம் இறக்கப் போகும் வழியில் ஒன்று. பாய்க்கு அடியிலேயே இரண்டு. அங்கே பாதி நாள் நிழல்தான். ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே பேனல் படுத்துவிடும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நீதான்.

கிளைவைப் பிடித்துக்கொண்டேன். டேப்பைச் சுருட்டிக்கொண்டு நழுவப் பார்த்தான். விடுவேனா? கடைசியில் கக்கிவிட்டான்.

"என்னய இதுல இழுக்காத நொரீன். பேனல் மேல பேனலாச் சேத்து வேலைய இழுத்தடி, கடல்ல போற சீசன் போயிடட்டும், அப்புறம் அவளே பயணத்த மறந்துடுவான்னு உன் புருஷன்தான் சொன்னான். எனக்கே மனசு கேக்கல."

"மனசு கேக்கலன்னா அன்னிக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கென்னடா, எருமை!" என்று கத்தினேன். பக்கத்துப் படகுக்குப் பெயின்ட் அடித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

போன வருஷம் நடந்ததை நான் மறக்கவில்லை, டெஸ். நடுக்கடலில் மேகமூட்டம் விலகவே இல்லை. பேட்டரி இறங்கி, பிரிட்ஜ் நின்று, என் இன்சுலின் எல்லாம் புழுக்கத்தில் கெட்டது. நான் நினைவில்லாமல் கிடக்க, நீ ஒற்றை ஆளாகப் படகைக் கரை சேர்த்தாய். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். நான் தூங்குவதாக நினைத்தாய், நான் தூங்கவில்லை. பயமாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். நீயோ எனக்குத் தெரியாமல் கிளைவோடு சேர்ந்து என்னைக் கரையில் கட்டிப்போடப் பார்த்தாய். நோய் என்னுடையது. முடிவு மட்டும் உன்னுடையதா?

உன் திட்டத்தைக் கிளைவ் கண்முன்னே கிழித்துப் போட்டேன். இனி நான் சொல்வதுதான். படகின் பின்முனையில், பாயின் நிழல் எட்டாத உயரத்தில், சட்டம் அடித்துப் பெரிய பேனல் இரண்டு. பிரிட்ஜ், விளக்கு, ரேடியோ எல்லாம் அதில் ஓடும். இன்சுலினுக்குத் தனியாக ஒரு சின்னக் குளிர்பெட்டி. அதற்கென்று தனிப் பேனல், தனி பேட்டரி. உன் பீருக்கு அதில் இடம் கிடையாது. வெயிலே வராவிட்டால் எஞ்சினிலிருந்து சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். கிளைவ் சாயங்காலமே சட்டத்துக்குக் குழாய் வளைக்க ஆரம்பித்துவிட்டான். குற்ற உணர்ச்சி அவனை ஓட ஓட வேலை வாங்குகிறது. எல்லாம் முடிந்ததும் பேனல்களைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, குளிர்பெட்டி பேட்டரியிலேயே தாங்குகிறதா என்று பார்க்கப் போகிறேன். தாங்காவிட்டால் போக மாட்டேன். ஆனால் அதை நான்தான் சொல்வேன்.

தாங்கினால், புயல் காலம் முடிந்ததும் கடல் தாண்டி நியூ கலிடோனியா தீவுக்குக் கிளம்புகிறேன். துணைக்கு வருகிறேன் என்று உன் தங்கை ஷெரில் துள்ளுகிறாள். பாவம், நல்லவள். ஆனால் நடுக்கடலில் சுக்கானை அவளிடம் கொடுத்துவிட்டு எனக்குக் கண் மூட வராது.

லீவு கேள். பயத்தோடேயே வா. எனக்கும்தான் இருக்கிறது.

கோபம் தீராத, ஆனாலும் வழி பார்த்திருக்கும்,
நொரீன்