‘சரிங்க’ என்றால் சம்மதம் இல்லை

உன் படத்தைப் பெரிதாக்கி, பூப்போட்ட சட்டம் போட்டு, கூட்ட மண்டபத்துச் சுவரில் மாட்டியிருந்தார்கள். கீழே ‘புன்னகை மாறாத சேவைத் தெய்வம்’ என்று எழுதியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த பிளேன்டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டேன். புன்னகை மாறாதவளாம்! சக்கரம் சுற்றாத டிரொலியை உதைத்துத் திட்டியவள் நீ. கையுறை தீர்ந்துவிட்டது என்று சொன்னால் ஸ்டோர்க்காரரிடமே சண்டைக்குப் போவாய். அந்தப் படமும் உன் தங்கச்சி கல்யாணத்தில் எடுத்தது. ஆஸ்பத்திரியில் நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அன்றைக்கு அங்கே தாதியருக்கு மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்று ஒரு செயலமர்வு. லீவில் இருந்தவர்களையும் கட்டாயம் வரச் சொல்லிவிட்டார்கள். மேடையில் ஒரு அம்மா கண்ணை மூடி மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொன்னார். பின்வரிசையில் இரட்டை ட்யூட்டி முடித்து வந்திருந்த ஒருத்தி கண்ணை மூடியவள் அப்படியே தூங்கிப்போனாள். எழுப்பப் போன ஆளை நான்தான் தடுத்தேன். அன்றைக்கு அந்த மண்டபத்தில் உருப்படியாக நடந்த காரியம் அந்தத் தூக்கம் ஒன்றுதான்.

பிறகு மேட்ரன் என்னிடம் வந்து, நாம் இருவரும் ஒன்றாகப் பயிற்சி முடித்தவர்கள் என்பதால் உன்னைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி நழுவிவிட்டேன். பேசவேண்டிய நேரத்தில் பேசாதவள் படத்துக்கு முன்னால் நின்று என்ன பேசுவது?

உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. இருந்தாலும் எழுதுகிறேன். ஒரு தரமாவது இதை நான் ஒழுங்காகச் சொல்லவேண்டும்.

வட்டகொடையில் ஒரே பிளாட்பாரத்தில் ரயில் ஏறி ஒரே வார்டுக்கு வேலைக்குப் போனவர்கள் நாம். நம் இரண்டு பேருடைய அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள்தான். அதனாலேயே ஆஸ்பத்திரியில் நமக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. எந்த வார்டில் தோட்டத்து ஆள் படுத்திருந்தாலும் போன் வரும்: ‘தமிழ் மிஸ் ஒருத்தரை அனுப்புங்க.’ கையில் இருக்கும் ஊசியை வைத்துவிட்டு ஓடவேண்டும். டாக்டர் சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் சொல்லி, நோயாளி சொல்வதைச் சிங்களத்தில் சொல்லி, சம்மதப் படிவத்தின் அடியில் ‘அவருக்கு விளங்கும் மொழியில் எடுத்துச் சொன்னேன்’ என்ற இடத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். அதற்கு ஆளும் கிடையாது, நேரமும் கிடையாது. அதை ஒரு வேலை என்று யாரும் நினைத்ததும் இல்லை.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நீ ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வாய். “சரிங்கன்னு சொன்னா நம்பிராதீங்க. காதுல விழுந்துச்சுன்னுதான் அதுக்கு அர்த்தம். சம்மதம்னு அர்த்தம் இல்ல.” உண்மைதான். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா இன்னைக்கு மேட்டு மலைக்குப் போ என்றால் நம்ம ஆளுங்க சரிங்க என்பார்கள். போகிறாயா என்று அங்கே யாரும் கேட்பதில்லையே. கேள்வியே இல்லாத இடத்தில் பழகிய பதில் அது. வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலும் அதுதான் வாயில் வரும்.

அப்படிச் சொன்ன நீயே ஒருநாள் தவறினாய்.

அன்றைக்கு ஆள் இல்லாமல் இரண்டு வார்டை நீ ஒருத்தியே பார்த்துக்கொண்டிருந்தாய். முதல்நாளும் அப்படித்தான். பிரசவ அறையில் வேலையாக இருந்த எனக்குக் கை ஒழியாததால் உனக்குப் போன் போட்டார்கள், ஓடிவந்தாய். மூன்றாவது பிரசவத்துக்கு வந்திருந்த ஒரு தோட்டத்துப் பெண். முதல் இரண்டும் ஆண். சிசேரியன் செய்ய ஆயத்தம். குழந்தையை எடுக்கும்போதே கருத்தடையும் செய்துவிடலாமா என்று கேட்டுச் சொல்லும்படி டாக்டர் உன்னிடம் சொன்னார். உள்ளே இன்னொரு ஆபரேஷன் முடியும் தறுவாய், எல்லோருக்கும் அவசரம். சேலைன் போத்தலைப் பிடித்தபடி நான் அந்தப் பெண்ணின் தலைமாட்டில் நின்றேன். நீ குனிந்து, “புள்ளைய எடுத்துட்டு அதோட சேத்துக் கட்டிருவாங்க, சரியா?” என்றாய்.

“சரிங்க மிஸ்.”

அவ்வளவுதான். கையெழுத்து வைத்துவிட்டு உன் வார்டுக்கு ஓடினாய். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கட்டுவது என்றால் உனக்கும் எனக்கும் கருக்குழாயைக் கட்டுவது. அவளுக்கு, காயத்துக்குக் கட்டுப் போடுவது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி காலில் பட்டால் தோட்டத்து டிஸ்பென்சரியில் போடுவார்களே, அந்தக் கட்டு.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பத் துண்டு வெட்டும்போது அவள் உன்னிடம் வெட்கத்தோடு கேட்டாள். “இதுவும் பயலாப் போச்சுங்க மிஸ். அடுத்தது பொம்பளப் புள்ளக்கி எத்தன வருசம் பொறுக்கணும்?”

உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாய். அவள் குழந்தையைத் திருப்பி மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். அன்று மாலையே நீ மேட்ரனுக்கு எழுதிக் கொடுத்தாய். விளக்காமல் கையெழுத்து வைத்தது உன் தவறு என்று முதல் வரியிலேயே எழுதினாய். அதோடு நிறுத்தியிருந்தால் உன்னை மன்னித்திருப்பார்கள். இரண்டு வார்டை ஒருத்தி தலையில் கட்டியது யார், மொழிபெயர்க்க ஏன் ஆள் இல்லை, கத்தி காத்திருக்கும்போது கேட்பது எப்படிச் சம்மதம் ஆகும் என்றும் கேட்டிருந்தாய். அதுதான் அவர்களுக்குச் சுட்டது.

என்னைக் கூப்பிட்டார்கள். மேட்ரன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எதிர்த்து நிற்பது சுலபமாக இருந்திருக்கும். “நீங்க வேலையா இருந்தீங்கதானே? அத மட்டும் எழுதுங்க. அது பொய் இல்லையே” என்றார். நான் எழுதினேன்: ‘வேலை அதிகமாக இருந்தபடியால் என்ன பேசினார்கள் என்று கவனிக்கவில்லை.’ ஒற்றை வரி. பொய்யிலும் பொய். ஒவ்வொரு சொல்லையும் கேட்டவள் நான். நீ இரண்டு வார்டைச் சுமந்தது தெரிந்தவளும் நான்தான். அந்த வரியால் ஆஸ்பத்திரியின் குற்றம் முழுக்க உன் ஒருத்தியின் கவனக்குறைவு ஆகிவிட்டது. கண்டனக் கடிதமும் இடமாற்றமும் ஒன்றாக வந்தன. அந்தப் பெண்ணைப் போய்ப் பார்க்கக் கூடாது என்று ஒரு கட்டளையும்.

நீ என்னைத் திட்டியிருக்கலாம். திட்டுவதில் உன்னை மிஞ்ச ஆள் உண்டா? ரயிலில் உன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினாய். “ஒனக்குப் புள்ளைங்க இருக்கு. நான் ஒண்டிக்கட்ட. விடு” என்றாய். அந்த ரொட்டியை நான் தின்றேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

புது இடத்துக்குத் தலவாக்கலையில் ஒரு பஸ், அதற்கப்புறம் இன்னும் இரண்டு. உனக்குப் பிரஷர் ஏறிக்கொண்டே போனது. கிளினிக் போக மூன்று தரம் லீவு கேட்டாய். பதிலுக்கு ஆள் இல்லை என்று மூன்று தரமும் மறுத்தார்கள். ஊரார் பிரஷரையெல்லாம் நாள் முழுக்க அளந்தவள், உடை மாற்றும் அறையில் காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றக் குனிந்தபடி விழுந்தாய். மூளையில் இரத்தக் கசிவு. ‘கடமையின்போது உயிர்நீத்தார்’ என்று மலர்வளையத்தில் எழுதியிருந்தார்கள். லீவு கொடுக்காதவர்கள் வளையம் மட்டும் எவ்வளவு பெரிதாகக் கொண்டுவந்தார்கள் தெரியுமா?

அந்தச் செயலமர்வு முடிந்த மறுநாள், அன்று பிரசவ அறையில் என் காதில் விழுந்ததையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி மேட்ரனிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, முடிந்துபோன விஷயம், செத்தவளுக்கு இதனால் என்ன ஆகப்போகிறது, உனக்குத்தான் விசாரணை வரும் என்றார். பதிவு செய்துகொள்ளுங்கள் என்றேன். செய்யத்தான் வேண்டியிருந்தது. அடுத்த வாரம் எனக்கு விசாரணை. வேலை போகலாம். பயமாகத்தான் இருக்கிறது.

விசாரணைக்குக் காத்திராமல், போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணின் தோட்டத்துக்குப் போனேன். லயத்து வீட்டு வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். அன்று நான் பக்கத்தில் நின்றதையும், எனக்குக் கேட்டதையும், கேட்கவில்லை என்று நான் எழுதிக் கொடுத்ததையும் சொன்னேன். அவள் கோடரியைக் கீழே வைக்கவில்லை.

“அந்த மிஸ் ரெண்டு வாட்டி வந்தாங்க. அவங்களும் இப்படித்தான் ஒக்காந்து அழுதாங்க” என்றாள்.

கட்டளையை மீறி நீ வந்திருக்கிறாய். என்னிடம் சொல்லவேயில்லை. தலைமாட்டில் ஒருத்தி நின்றாள் என்று அவளிடமும் நீ சொல்லவில்லை.

“எல்லாரும் வாயால சொல்லிட்டுப் போறீங்க. ஆஸ்பத்திரியில கேட்டா நான் சரின்னு சொன்னதாக் கடுதாசி இருக்காம். நீங்க சொன்னத எழுதிக் குடுப்பீங்களா? தமிழ்ல?”

அவள் மகனின் அப்பியாசக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். எழுதினேன். அவளிடம் என்ன கேட்கப்பட்டது, என்ன கேட்கப்படவில்லை, அவள் எதற்குச் சம்மதிக்கவில்லை, அன்று எத்தனை வார்டுக்கு எத்தனை பேர் இருந்தோம், எல்லாம் எழுதினேன். கீழே என் முழுப்பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்து வைத்தேன். அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தாளை வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டி, அவசரமே இல்லாமல் முழுவதையும் வாசித்தாள். நான் காத்திருந்தேன். கடைசியில் என் பெயரில் விரலை வைத்தாள்.

“இது நீங்கதானா மிஸ்?”

“ஆமாங்க” என்றேன். “நான்தான்.”