வெறும் வில்லை

இன்று காலை ஆய்வகத்தில் ஒரு மாணவி நொச்சி இலையைப் பொடித்துவிட்டு மிக்சியின் மூடியைத் திறந்தாள். அந்தக் காட்டமான நெடி அறை முழுக்கப் பரவியதும், பல்லடம் பஸ்ஸிலிருந்து இறங்கி மஞ்சப்பையோடு நீ உள்ளே வருவதுபோல இருந்தது. வாசலை நிமிர்ந்தே பார்த்துவிட்டேன். வந்தவர் டீக்காரர்.

நாம் எம்.எஸ்சி. படித்தபோது சோதித்த நொச்சி, உங்கள் கோழிப்பண்ணை வேலியில் வளர்ந்தது. பையைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரர்கள், "ஆருக்குங்க சளி?" என்று விசாரிப்பார்களாம். "சளிக்கில்லைங்க, கிருமிக்கு" என்று நீ சொன்னதும் கொஞ்சம் தள்ளி உட்காருவார்களாம். என்னைவிட மூத்தவள் நீ. ஆனாலும் கடைசிவரை என்னை 'வாங்க, போங்க' என்றுதான் அழைத்தாய். டவுனை ஒட்டிய போத்தனூர்க்காரி நான், 'நீ' என்றே பழகிவிட்டேன்.

நம் ஆய்வு எளியதுதான். ஒவ்வொரு தட்டிலும் ஒரு வகைக் கிருமியைப் பூசி, இலைச்சாறு ஊறிய சிறு காகித வில்லைகளை அதன்மேல் வைக்க வேண்டும். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிந்த வளையம் தெரிந்தால், சாறு வேலை செய்கிறது என்று பொருள். முதல் தட்டிலேயே பெரிய பெரிய வளையங்கள். நான் ஸ்கேலை எடுத்து அளக்கவே ஆரம்பித்துவிட்டேன். நீதான் தட்டின் ஓரத்தைக் காட்டினாய். ஒப்பிடுவதற்காக, இலையே சேர்க்காமல், சாறு இறக்கப் பயன்படும் மெத்தனால் சாராயத்தில் மட்டும் நனைத்து வைத்த வெறும் வில்லை அங்கே இருந்தது. அதைச் சுற்றியும் அதே வளையம். அவசரத்தில் வில்லைகளை உலரவிடாமல் வைத்திருக்கிறோம்.

"நம்ம நொச்சி ஒண்ணும் பண்ணலைங்க அம்மணி. எல்லாம் சாராயத்துலயே செத்துப்போச்சுங்க" என்று சிரித்தாய். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நமக்குப் புடிச்ச பதிலா வந்தா ரெண்டு தடவை பார்க்கோணுமுங்க" என்றாய். நன்றாக உலர்த்தி மறுபடியும் செய்தோம். ஒரே ஒரு கிருமிக்கு மெல்லிய வளையம் வந்தது. மற்றவை நொச்சியைச் சட்டை செய்யாமல் வளர்ந்து கிடந்தன. அதைத்தான் எழுதிக் கொடுத்தோம்.

சென்ற வருடம் அறுவை சிகிச்சைக்குப் பிறகு உனக்குத் தொற்று வந்தது. மருத்துவமனையில் உன் அப்பா ரிப்போர்ட்டை என் கையில் கொடுத்தார். மருந்துகளின் பெயர்களுக்கு நேரே 'ரெசிஸ்டன்ட்', அதாவது கிருமி அந்த மருந்துக்கு மசியாது என்று வரிசையாக அச்சாகியிருந்தது. நாம் செய்ததுபோன்ற சோதனைதான் அதுவும். அவர் நாற்காலிக்கு அடியிலிருந்து மஞ்சப்பையை எடுத்து, ஒரு கொத்து நொச்சியை என்னிடம் நீட்டினார்.

"நீங்க ரெண்டு பேரும் சோதிச்ச தழைதானுங்க கண்ணு. கஷாயம் வெச்சுக் குடுத்துப் பார்க்கலாமுங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா?

"அன்னைக்கு நாங்க சோதிச்சதுல இந்தக் கிருமியும் இருந்துச்சுங்கப்பா. நொச்சிக்குக் கேக்கலைங்க."

அவர் கொத்தைத் திரும்ப வாங்கி உள்ளே வைத்து, பையின் வாயைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உன்னிடம் வந்தேன். அப்படியும் கண்டுபிடித்துவிட்டாய்.

"நொச்சி வாசம் அடிக்குதுங்க. எங்கப்பா கொண்டாந்தாருங்களா?"

"ஆமா."

"என்ன சொன்னீங்க?"

"கேக்காதுன்னு சொல்லிட்டேன்."

"செரிங்க" என்று கண்ணை மூடிக்கொண்டாய். அதன் பிறகு நீ என்னிடம் பேசவேயில்லை, கண் திறக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டாய்.

அந்தச் 'செரிங்க' இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. நான் செய்தது சரி என்றாயா? அந்த மனுசனுக்கு ஒரு நாளாவது நம்பிக்கை கொடுத்திருக்கலாமே என்று நினைத்தாயா? ஒப்பிட்டுப் பார்க்க அங்கே வெறும் வில்லை எதுவும் இல்லை. அதுதான் என்னை வாட்டுகிறது.

இன்று அரைத்ததும் உங்கள் வேலி நொச்சிதான். மாணவிகளுக்கு வேண்டும் என்று நான் கேட்டால் உன் அப்பா இப்போதும் பறித்து, நிழலில் காயவைத்து, பஸ்ஸில் கொடுத்துவிடுகிறார். மதியம் போன் செய்தார்.

"தழை வந்துச்சுங்களா கண்ணு? இப்பவாச்சும் வளையம் வருதுங்களா?"

அவர் குரலில் அதே ஆசை இருந்தது. எனக்கும் இருக்கிறது.

"ரெண்டு தடவை பார்த்துட்டுச் சொல்றேனுங்கப்பா" என்றேன்.